கைமாவுக்கு அக்கா எழுதிய குறிப்பு

என் அக்கா காவல்துறையில் மொழிபெயர்ப்பாளர். இந்த ஊரில் நம் தமிழ் ஆட்கள் யாராவது மாட்டிக்கொண்டால், அவர்கள் பேசியதை அரசாங்க மொழியில் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை என்று பெருமை வேறு. சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டுவதில் அவளுக்குப் பைத்தியம். சாப்பிட உட்கார்ந்தால், துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல், கைமாவும் அங்கிருந்துதான் என்று ஆரம்பிப்பாள். "வந்தது வந்துடுச்சு, சோத்தைத் தின்னு" என்பேன்.

போன மாதம் எங்கள் கட்டட முதலாளி காணாமல் போனார். கீழே கறிக்கடை வைத்திருப்பவருக்கும் அவருக்கும் தண்ணீர்க் குழாயை வைத்து ஓயாத தகராறு. கடைக்காரரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கடைக் கேமராவில் பதிவான அவர் பேச்சை அதிகாரி அக்காவுக்குப் போட்டுக் காட்டினார்.

"இன்னொரு வாட்டி இந்தப் பக்கம் வரட்டும், அவனைக் கைமா பண்ணிடுறேன்."

அடக் கடவுளே, இதைச் சொல்லாதவர் யார்? அக்காவே என்னை வாரத்துக்கு நாலு முறை கைமா பண்ணுவாள். 'உதைப்பேன்' என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார். இவளோ 'பொடிப்பொடியாக நறுக்கிவிடுவேன்' என்று எழுதி, அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தாள்: துருக்கியச் சொல், கத்தியால் கொத்துவது. கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அதிகாரிக்கு அந்தக் குறிப்பு போதும். கடைக்குச் சீல் வைத்தார்கள். கத்திகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள்.

கடைக்காரரின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றாள். "அவருக்கு வாய்தான் நீளம், உங்களுக்குத் தெரியாதா? அந்த ஒரு வார்த்தையை மாத்தி எழுதுங்கக்கா. ஆயுசு பூரா உள்ள போட்டுடுவாங்க."

"இருக்கிறதைத்தான் எழுதினேன்" என்று அக்கா கதவைச் சாத்தினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் குறிப்பை மாற்றத்தான் கிளம்பிப் போனாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி, "நல்லவேளை வந்தீங்க. அந்தப் பதிவுல அடுத்த துண்டு இருக்கு. பதில் சொல்றது ஒரு பொம்பளை, முகம் கேமராவுல விழல" என்று போட்டுவிட்டார்.

"பண்ணுங்கண்ணே! கத்தி மழுங்கியிருந்தா சொல்லுங்க, நான் தீட்டித் தரேன்." பிறகு ஒரு சிரிப்பு. என் சிரிப்பு.

"சார், கைமான்னா சும்மா திட்டுறது. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"நேத்து வரைக்கும் வெட்டுறது, இந்தக் குரலைக் கேட்டதும் திட்டுறதா? யாரு இவங்க?"

"தெரியாது" என்றாள் அக்கா. அந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய்.

வீட்டுக்கு வந்து இதை அவள் சொல்லி முடிக்கவில்லை, என் போன் அடித்தது. தெரியாத எண். வேண்டாம் என்று அவள் கையை ஆட்டுவதற்குள், பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"அலோ, யாரு? யாருங்க பேசுறது?"

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. நான் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.