அறுநூறு மூடை நெல்லுக்கு ஒரு படிப்பு

போன கிழமை மாங்குளம் சந்தியில், அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்க ஒரு கடைக்குள் ஏறினேன். உள்ளே யாருடையதோ சான்றிதழை லமினேற் பண்ணிக்கொண்டிருந்தார்கள். சூடேறிய பிளாஸ்டிக் மணம் மூக்கில் பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஏன் சிரித்தேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

வன்னியில் முக்கியமான கடுதாசி எதுவும் வெறுமனே கிடக்காது. ஊர் ஊராய் ஓடிய காலத்தில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்த சனங்கள் நாங்கள். சண்டை முடிந்து கடைகளில் லமினேற் மெஷின் வந்ததும் அம்மா வீட்டிலிருந்த கடுதாசி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உடுப்புப் போட்டுவிட்டா. என்னுடைய தடுப்பூசி அட்டைக்குக்கூட. அந்தப் பழக்கத்தில்தான் எனக்குப் பாங்கொக்கிலிருந்து முதுகலைப் படிப்புக்கு அனுமதிக் கடிதம் வந்தபோது, அச்செடுத்த அன்றே அதையும் லமினேற் பண்ணிவிட்டோம். பிறகு விசா அலுவலகத்தில் அதன்மேல் முத்திரை குத்தப் பார்த்தார்கள். மை ஒட்டவில்லை. அந்த அலுவலர் கடிதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கிளிநொச்சியில் ஒரு திட்டத்தில் கள உதவியாளர் வேலை. மோட்டார் சைக்கிளில் குளம் குளமாகப் போய் நீர்மட்டம் எழுதி வருவேன். சம்பளம் சொல்லும்படி இல்லை. ஆனால் துருசு, அதாவது குளத்து மதகு, திறந்து வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தத்தைக் கேட்டால் வேலையை விடவும் மனம் வராது. அந்த வருடம் ஒரே கிழமையில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. எங்களூர் அக்கராயனில் அந்த நாளில் குளக்கட்டில் நின்றால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். முதலாவது வந்தபோது கட்டில் நின்று துள்ளினேன். இரண்டாவது வந்தபோது துள்ளிய துள்ளலில் செருப்பொன்று குளத்துக்குள் போய்விட்டது. மற்றச் செருப்போடு வீட்டுக்கு ஓடினேன்.

ஒன்று லண்டன். ஒரு வருடம், பொது முகாமைத்துவம். அங்கே இருக்கும் மாமி வீட்டிலிருந்து ஒரே பஸ். தங்க, சாப்பிடச் செலவில்லை, பாதிக் கட்டணத்தை மாமா முன்கூட்டிக் கட்டுவார், நான் உழைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். மற்றது பாங்கொக். இரண்டு வருடம், நீர்ப்பாசன முகாமைத்துவம். பாதிக் கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள், மிச்சமெல்லாம் எங்கள் தலையில். அங்கே எங்களுக்கு ஒரு குருவிகூடத் தெரியாது. நான் படிக்க ஆசைப்பட்டது பாங்கொக்கில் இருந்தது. வசதியெல்லாம் லண்டனில் இருந்தது.

குசினியில் கதிரையைப் போட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கத் தொடங்கினோம். பவுணும் தாய்லாந்துக் காசும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை.

"உதை நெல்லில சொல்லு பிள்ளை" என்றார்.

ஆக, எல்லாவற்றையும் நெல் மூடைக்கு மாற்றினேன். விடுதி வாடகை மாதம் இத்தனை மூடை, சாப்பாடு இத்தனை, விமானச் சீட்டு இத்தனை. இப்படி எழுத எழுத எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. லண்டன் எழுநூற்றைம்பது மூடை, பாங்கொக் ஐந்நூறு என்று பெரிய அறிஞர் மாதிரி வாசித்தேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டா.

"மூடை என்ன விலைக்குப் போட்டனி?"

"இரண்டாயிரத்து நானூறு."

"அது மார்கழி விலையெல்லோ. அறுவடைக்குள்ள ஆர் உனக்கு அந்த விலை தருவினம்? இரண்டாயிரத்துக்குப் போடு."

படித்தவள் நான், ஐந்து ஏக்கர் வயலில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவள், இந்தப் பிழையை விட்டேன். திருப்பிப் போட்டபோது லண்டன் தொள்ளாயிரமாகவும் பாங்கொக் அறுநூறாகவும் நின்றன. என் சேமிப்பையும் அம்மாவின் நகையையும் சேர்த்தால் நானூற்றைம்பது மூடை வந்தது. பாங்கொக்குக்கு இன்னும் நூற்றைம்பது மூடை, அதாவது மூன்று லட்சம் ரூபா குறைந்தது. பணம் கட்ட ஒரு மாதம் இருந்தது. லண்டன் என்றால் பாதியை மாமா கட்டுவார், கையிலிருந்தது மிச்சத்துக்குக் காணும். ஆகவே காசு கிடைக்காவிட்டால் லண்டன்தான் என்று முடிவாயிற்று. அன்றிரவு நான் லண்டனை மனதாரத் திட்டினேன். பாவம், அது என்ன செய்தது!

கதை ஒழுங்கைக்குள் பரவியது. இனித்தான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் அந்த நாளில் தாய்லாந்து என்றால் படிப்பு ஞாபகம் வராது, கப்பல்தான் ஞாபகம் வரும். அங்கே போய் மாதக்கணக்கில் ஒளித்திருந்து, பிறகு கப்பலேறிக் கனடா போன ஆட்களின் கதை எல்லா வீட்டிலும் இருந்தது. இரண்டாம் நாளே தம்பையா அண்ணை வந்துவிட்டார். எங்கள் வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர். மகள் கனடாவில், கையில் காசு புழங்கும் ஆள்.

"எப்ப பிள்ளை ஏறுறாய்?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"எங்க அண்ணை ஏறுறது? நான் படிக்கப் போறன்."

"ஓமோம், படிக்கத்தான். எனக்கு விளங்காதே? காசு எவ்வளவு குறையுது? ஆறு லட்சமெண்டாலும் தாறன். அங்க போய்ச் சேர்ந்தாப் பிறகு ஆறுதலாய்த் தா."

பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டினேன். பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தார். "ஏஜென்சிக்காரன் நல்ல வடிவாய் அடிச்சிருக்கிறான்" என்று மெச்சினார். நாங்கள் உண்மையைச் சொல்லச் சொல்ல, வாயைத் திறக்காத கெட்டிக்காரர் என்று எங்கள் மேல் அவருக்கு மதிப்புக் கூடியது. என் மனம் அடித்துக்கொண்டது. சும்மா தலையை ஆட்டினால் போதும், பாங்கொக் கைக்குள். அவர் விரும்பி நம்புவதற்கு நான் என்ன செய்வது என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன்.

அப்பாதான் முற்றத்துக்கு இறங்கினார்.

"தம்பையா, வடிவாய்க் கேள். இவள் கனடாவுக்குப் போகேல்லை. ரெண்டு வருசம் படிச்சுப்போட்டு இஞ்சதான் வருவாள்."

தம்பையா அண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

"உண்மையாய்த் திரும்பி வருவியோ?"

"வருவன் அண்ணை."

"அப்ப எப்பிடிக் கடன் குடுக்கிறது?" என்றார். "போறவை உழைச்சு அனுப்புவினம். திரும்பி வாறவையிட்ட என்ன இருக்கும்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போகிறேன் என்று பொய் சொன்னால் ஆறு லட்சம், வருகிறேன் என்று உண்மை சொன்னால் ஒன்றுமில்லை. கோபத்தில் பாடத்திட்டத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். குளத்துத் தண்ணீரைத் துருசடி வயலுக்கும் கடைசி வயலுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று ஒரு முழுப் பாடம் இருந்தது. அதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் குனிந்து கேட்டார். குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் விதைக்கும் ஒவ்வொரு சிறுபோகமும் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் நின்று, அவருடைய வயல் வெடித்துக் கிடப்பது ஊருக்கே தெரியும்.

"நீ படிச்சு வந்தா என்ர வயலுக்குத் தண்ணி வருமோ?"

"தெரியாது அண்ணை. அதைத்தான் படிக்கப் போறன்."

அவர் அப்பாவைப் பார்த்து, "கடன் தரேலாது. உங்கட வயலைக் குத்தகைக்குத் தாங்கோ. ரெண்டு வருசக் காசு மூண்டு லட்சத்தையும் ஒண்டாய்த் தாறன்" என்றார். எங்கள் வயல் துருசுக்குக் கிட்ட, எந்தப் போகமும் தண்ணீர் தவறாது. அப்பா உடனே ஓம் என்றார். அம்மா தேத்தண்ணி ஊற்றப் போனா. நான் குளக்கட்டுக்கு ஓடிப்போய் லண்டனுக்கு "வரவில்லை, நன்றி" என்று அனுப்பினேன். அந்த ஒற்றை வரியை அனுப்பியபோது இருந்த சந்தோசம், பட்டம் வாங்கியபோதுகூட இருக்கவில்லை.

அந்த இரண்டு வருடம் அப்பா என்ன செய்தார் என்பது திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கள் சொந்த வயலில் தம்பையா அண்ணையிடம் நாட்கூலிக்கு நின்றிருக்கிறார். போனில் கேட்டால், "ஓம், வயலுக்குத்தான் போட்டு வாறன்" என்பார். பொய்யே சொல்லவில்லை, பாருங்கள்.

இன்று வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். எந்த நாடு, எவ்வளவு கட்டணம், கடனுக்கு எந்த வங்கி என்று எல்லாமே போனில் வைத்திருக்கிறார்கள். கணக்கு ஒரு நொடியில் வந்து விழுகிறது. யாரும் நெல்லில் கணக்குப் பார்ப்பதில்லை. பயணப் பெட்டி வாகனத்தில் ஏறும்போதுதான் பக்கத்து வீட்டுக்கே விசயம் தெரிகிறது.

போன வருடம் தம்பையா அண்ணையும் மகளோடு இருக்கவென்று கனடா போய்விட்டார். சட்டப்படி, விமானத்தில். வழியனுப்பப் போன நான், "திரும்பி வருவியளோ அண்ணை?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, வராமல்?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நாலு வருடம் விவசாயிகளின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்க் கத்தி, முறை வைத்துத் தண்ணீர் விடப் பழக்கினோம். என்னால் மட்டும் என்று சொன்னால் அது புளுகு. இந்தச் சிறுபோகம்தான் முதன்முதலாகக் கடைசி வாய்க்கால் வரை தண்ணீர் குறையாமல் போய்ச் சேர்ந்தது. வாய்க்கால் கட்டில் நின்று பார்த்தேன். அவருடைய வயலில் விதைக்க ஆளில்லை.