டிக்கியில் வைத்த இரண்டு மூட்டை

இரண்டாயிரத்து ஆறாக இருக்க வேண்டும், ஏழாகவும் இருக்கலாம். ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருத்தங்கலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள்ளே நடந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு அதே லாரியை ஓட்டினேன். அப்புறம் அச்சாபீஸ் லோடு, சிமெண்டு லோடு என்று மாறிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அந்த வருடம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேன் ஓட்டினேன். அங்கே இன்னொரு வேன் ஓட்டியவன் என்னைவிட ஏழு வயது சின்னவன். என்னை அண்ணே என்பான், நான் தம்பி என்பேன். தங்க இடமில்லை என்றதும் திருத்தங்கலில் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தான். அவன் மனைவி தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தது. எனக்குத் தங்கச்சி முறை. மூன்று மாதமாக அந்த வீட்டுச் சோறுதான் சாப்பிட்டேன்.

பட்டாசு வேனில் உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தங்கச்சி மட்டும் தினமும் பேசும். அவன் அந்த வேலையை விட வேண்டும் என்பதுதான் அதற்கு ஒரே ஆசை.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து முதலாளி வீட்டுப் பையன்களுக்குக் கார்ப் பந்தயத்தில் கிறுக்கு பிடித்திருந்தது. ஆட்டோகிராஸ் என்பார்கள். வெறும் தரையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கூம்புகளை நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். கடிகாரம்தான் எதிராளி. கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். இரண்டு தடவை ஓட்டி, இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

இதை நடத்திக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்கே பந்தயக் கார் செய்யும் பட்டறை வைத்திருந்தவர். ஒத்திகை அன்று தம்பி ஓட்டியதைப் பார்த்துவிட்டு, முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தன் பட்டறையில் கார் ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தம்பி அதை வீட்டில் சொன்ன அன்று தங்கச்சி இரண்டு தடவை சோறு வடித்தது. முதல் தடவை கவனிக்காமல் குழைய விட்டுவிட்டது.

தம்பிக்குக் கிடைத்த கார், எங்கள் முதலாளி வீட்டில் சும்மா நின்ற பழைய சின்ன கார். எண்ணூறு சிசி. அவன் செய்த முதல் வேலை, பின் சீட்டைக் கழற்றியது. அப்புறம் ஸ்டெப்னி, ஜாக்கி, தரை விரிப்பு, கதவுக்கு உள்ளே இருக்கும் அட்டை என்று எல்லாவற்றையும் கழற்றி, கழிவுப் பேப்பர் கடைத் தராசில் வைத்து எடை போட்டான். எழுபத்தெட்டு கிலோ இறங்கியிருந்தது. லாட்டரியில் விழுந்தவன் மாதிரிச் சிரித்தான்.

எனக்கு அது புரியவே இல்லை. இன்ஜினைப் பெரிதாக்காமல் எதற்கு உடம்பைக் குறைக்கிறான்? கேட்டேன்.

"அண்ணே, உங்க லாரியில பத்து மைலுக்கு நேர் ரோடு. இங்கன நூறு அடிக்கு ஒரு வளைவு. பவர வச்சு என்ன செய்ய? எடுக்குறதுக்குள்ள பிரேக் மிதிக்கணும். வண்டி லேசா இருந்தா சொன்ன இடத்துல நிக்கும், சொன்ன பக்கம் திரும்பும். அம்புட்டுதான்."

"காலி லாரிதாம்லே வளைவுல துள்ளும். லோடு இருந்தா பதிஞ்சு போகும்" என்றேன்.

"நீங்க கல்லு சுமந்தே பழகிட்டீக" என்று சிரித்தான்.

பதினைந்து வருடம் ஓட்டியவன் நான். அவன் சொன்னதைச் சின்னப் பையன் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போட்டி அன்று கண்மாய்க் கரை முழுக்க ஜனம். ஒரு பட்டாசு முதலாளி மகன் பெரிய காரோடு வந்திருந்தான். தம்பி காரைப் போல இரண்டு மடங்கு இன்ஜின். எங்கள் வண்டி வந்து நின்றதும் அவன் ஆட்களில் ஒருவன், "தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டாந்திருக்கான்லே" என்றான். தம்பி திரும்பிப் பார்த்து, "ஆமாண்ணே, நனையாம வச்சிருக்கேன்" என்றான். அவர்களே சிரித்துவிட்டார்கள்.

பெரிய கார் முதலில் போனது. நேர்க்கோட்டில் அது போன வேகத்துக்குக் கரையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு, மண்ணை வாரி இறைத்து, நின்று நிதானித்துத்தான் திரும்பியது. போகிற போக்கில் இரண்டு கூம்புகளைச் சாய்த்தது. தம்பி போனபோது சத்தமே பெரிதாக இல்லை. தையல் மிஷின் போல ஒரே சீராக ஓடியது. கூம்புக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருக்கும். ஏழு விநாடி முந்திவிட்டான். முதல் ஓட்டத்தில் எல்லோரையும்விட அவன்தான் முன்னால்.

ஆனால் நானும் தங்கச்சியும் பார்த்தது வேறொன்று. கடைசி இரட்டை வளைவில் காரின் உள்பக்கத்துப் பின் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டது. இரண்டு வளைவிலும். தங்கச்சி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. மாசமாக இருந்தது அப்போது, நாலு மாதம்.

"அண்ணே, சக்கரம் தூக்குது. கவுந்துராதுல்ல?"

"கவுந்துராதும்மா."

"ஏதாச்சும் செய்ங்கண்ணே. அவுககிட்டச் சொல்லாதீக, பொம்பள பேச்சக் கேட்டு வந்தீகளான்னு வைவாக."

எனக்கும் பயம்தான். லாரியில் சக்கரம் தரையை விட்டால் அடுத்தது பள்ளம். அதற்கு வைத்தியம் ஒன்றுதான், பின்னால் பாரம். சாப்பாட்டு இடைவேளையில் தம்பி கோயம்புத்தூர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்புத் தூள் கரை ஓரத்தில் மூட்டையாகக் கிடந்தது. ஒன்று இருபத்தைந்து கிலோ. இரண்டு மூட்டையைத் தூக்கி டிக்கியில், ஸ்டெப்னி இருந்த குழியில் வைத்து, மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடினேன். நல்ல காரியம் செய்த நிம்மதியில் போய்த் தயிர்ச்சோறு சாப்பிட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் கொடி விழுந்ததும் வண்டி ஒரு கணம் தயங்கிக் கிளம்பியது. எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். இன்ஜின் சூடு என்று நினைத்திருப்பான். கொடி விழுந்த பிறகு யார் நிறுத்துவார்கள்? முதல் வளைவிலேயே ஒரு கூம்பைத் தட்டினான். காலையில் ஒன்றைக்கூடத் தொடாதவன். அடுத்ததில் கொஞ்சம் அகலமாகப் போனான். விட்ட நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினான்.

கடைசி இரட்டை வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினான், கார் திரும்பவில்லை. பின்பாரத்தில் முன் சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் நேராக வழுக்கிக்கொண்டு போனது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். எடுத்ததும் பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி வீசிச் சுற்றியது. வயலுக்குக் கரம்பை மண் அள்ளிய பள்ளம் ஒன்று கோட்டுக்கு வெளியே இருந்தது. பக்கவாட்டில் போய் அதில் விழுந்து ஒரு உருட்டு உருண்டு நின்றது.

நின்ற உடனே காரிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பியது.

எங்கள் ஊர் ஜனத்துக்கு வெள்ளைப் புகை எழும்பினால் கால் தானாகப் பின்னால்தான் போகும். அது குற்றமில்லை, பட்டு வந்த பழக்கம். கரையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி ஓடினார்கள். அது புகையில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அங்கே பயப்பட எதுவுமே இல்லை என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான். ஆனாலும் நின்ற இடத்தில் நின்றேன். கூட்டத்துக்கு எதிராக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி மட்டும் ஓடியது.

அதைப் பார்த்துத்தான் நானும் ஓடினேன். பின் சீட்டு இல்லாததால் மூட்டை வெடித்துத் தூள் முழுவதும் முன்னால் வந்திருந்தது. ஹெல்மெட் கண்ணாடியில் கீறல் என்று அவன் அந்தக் கண்ணாடியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டியிருந்தான். தலையிலிருந்து இடுப்பு வரை வெள்ளை. எலும்பு எதுவும் முறியவில்லை. "கண்ணு, கண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

தங்கச்சி தண்ணீர்க் கேனைத் தூக்கிவிட்டது. அதற்குள் திரும்பி வந்த கூட்டத்தில் ஒருவர், "சுண்ணாம்புல தண்ணி ஊத்தாத தாயி, கொதிச்சுரும்" என்று கத்தினார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். தங்கச்சி கேனைப் பிடித்தபடி நின்றுவிட்டது. ஒருவர் துண்டால் துடைக்கப் பார்த்தார். இது எப்படி வண்டிக்குள் வந்தது, யார் வைத்தது என்ற பேச்சு அதற்குள் எழும்பிவிட்டது.

அது முன்னமே தண்ணீர் தெளித்து நீற்றிய சுண்ணாம்பு. கொதிக்காது. ஆலங்குளத்தில் அத்தனை வருடம் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். சொன்னால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று வாயைத் திறக்காமல் நின்றேன். எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம்தான், "ஊத்தும்மா, கொதிக்காது" என்றேன்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடது கண் பிழைத்துவிட்டது. வலது கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போய்விட்டது. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

முதலாளி மகனின் ஆட்கள்தான் மூட்டையை வைத்தார்கள் என்று ஊரில் பேச்சு. தம்பியும் அதைக் கேட்டிருந்தான். மூன்றாம் நாள், கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவனிடம் நான்தான் வைத்தேன் என்று சொன்னேன். தங்கச்சி பக்கத்தில் இருந்தது.

"நான் கேட்டதுனாலதானே வச்சீக" என்று அது அழ ஆரம்பித்தது.

தம்பி தங்கச்சியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். பிறகு, "எம்புட்டு?" என்றான்.

"அம்பது கிலோ."

"அதான் திரும்பல." மூச்சை விட்டான். "எம்புட்டுப் பாரம்னு தெரியாம, ரெண்டு நாளா என் கைதான் தப்புப் பண்ணிருச்சுன்னு கெடந்தேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பொறுமையாக விளக்கினான். அந்த மாதிரிக் காரில் வளைவில் உள்பக்கத்துப் பின் சக்கரம் தூக்கத்தான் செய்யும். தூக்கினால் மற்ற மூன்றும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த அளவுக்கு ஓட்டத் தெரிந்தவன் என்றுதான் கோயம்புத்தூர்க்காரர் அவனைக் கவனித்ததே.

அவர் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். கண் சரியானதும் வரச் சொன்னார். கண் சரியாகவில்லை. வேன் ஓட்டும் வேலையும் போயிற்று. பட்டாசுக் கம்பெனியிலேயே சரக்குக் கட்டும் இடத்தில் உள்வேலைக்குச் சேர்ந்தான். எந்த வேலையிலிருந்து அவன் தள்ளிப் போக வேண்டும் என்று தங்கச்சி ஆசைப்பட்டதோ, அதற்கு இன்னும் கிட்டத்தில் போய் உட்கார்ந்தான். நான் இருபது நாளில் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன். தூத்துக்குடி, ஓசூர், அப்புறம் எங்கெங்கோ. பெண் குழந்தை பிறந்ததைப் போனில் சொன்னார்கள். போய்ப் பார்க்கவில்லை.

மூட்டை வைத்ததை அவன் மன்னித்துவிட்டான். தெரியாமல் செய்தது, அக்கறையில் செய்தது என்று அவனே பலரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மைதான். ஆனால் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவனிடம் நான் சொல்லவே இல்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன், அவன் இதைப் படிக்க நேர்ந்தால் அதற்கும் சேர்த்து என்னை மன்னிப்பான் என்று எதிர்பார்க்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.