பத்தர் மூடிய கல்

அந்தக் கல் பார்க்க அழகில்லை. பனங்கட்டி நிறத்தில், நகமளவில், இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்த்த ஒரு துண்டு. தோரமல்லி என்று பெயர். கொழும்புக்குப் போன இவர் சிவப்புக்கல் தோடு கொண்டுவருவார் என்று நான் புத்தூரில் காத்திருக்க, மனிசன் கொண்டுவந்தது இந்தத் துண்டுகள் இரண்டை.

இவர் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தார். வீட்டிலும் அந்த வேலையை விடமாட்டார். ஒளி என்பது மின்சாரமும் காந்தமும் சேர்ந்து ஆடி வரும் அலை என்பார். நான் முகத்தைச் சுளித்தால் முற்றத்துக்கு இறங்கிவிடுவார்.

"வேலிக் கதியால் இடுக்குக்குள்ளாலை கயித்தை விட்டு ஆட்டிப் பாரும். மேலும் கீழுமா ஆட்டினால் அலை அங்காலை போகும். பக்கவாட்டா ஆட்டினால் நிண்டிடும். இந்தக் கல்லும் உந்த வேலி மாதிரித்தான்."

பிறகு இரண்டு கற்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, ஒன்றை மெல்லத் திருப்புவார். வெளிச்சம் குறைந்து குறைந்து கரியாய்ப் போகும். இன்னும் திருப்பினால் மறுபடி வெளிக்கும். எனக்கென்னவோ அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கத்தான் விருப்பம்.

மலாயாவில் வேலை கிடைத்ததும் ஒரு கல்லை என்னிடம் தந்துவிட்டு, மற்றதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவர் கொழும்பில் கப்பலுக்குக் காத்திருந்த கிழமை, அது என் நெஞ்சோடு கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டு, தாலிக்கொடியில் சேர்த்து ஒட்ட நகை செய்யும் பத்தரிடம் கொடுத்தேன். அவர் கடல் தாண்டுமுன் செய்துவிட வேண்டும் என்று மாமி நாள் பார்த்தார். பத்தர் நகைக்குக் கல் கட்டும் வழக்கப்படி, கல்லின் முதுகைப் பொன் தகட்டால் மூடித் தந்தார்.

முதல் கடிதம் வந்தது. பொழுது சாயும் நேரம் கல்லுக்குள்ளால் உச்சி வானத்தைப் பாரும், கல்லைத் திருப்பும், வானத்து வெளிச்சமும் ஒரே பக்கமாக ஆடி வருவதால் வித்தியாசம் தெரியும், நானும் இங்கே தினமும் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். என் கல்லுக்குள்ளால் ஒரு பொட்டு வெளிச்சமும் வராது.

"பத்தரைக் கூப்பிடுவமோ மாமி?"

"புருசன் அக்கரையிலை இருக்கேக்கை கொடியைக் கழட்டி நெருப்பிலை வைக்கிறதோ? உனக்கென்ன விசரோ?"

எனக்கும் பயம்தான். "பார்த்தேன், வானம் அப்படியே கறுத்துப்போய்விட்டது" என்று எழுதிவிட்டேன். "நல்லது. தினமும் பாரும். நானும் உம்மோடு பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அவர் கேட்பார், நானும் கறுத்தது என்றே எழுதுவேன். மூன்று வருடத்தில் அங்கே யுத்தம் வந்து கடிதங்கள் நின்றன.

யுத்தம் முடிந்து, அவரோடு வேலை செய்த ஒருவர் ஊர் திரும்பிச் சொன்னார். காய்ச்சலில் போய்விட்டாராம். கொடி கழுத்தை விட்டு இறங்கியது. இனிக் கல்லைத் திறக்க ஒரு தடையும் இல்லை.

பத்தர் தகட்டை எடுத்துத் தந்த அன்று மாலை முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். திருப்பினேன். வானம் கொஞ்சம் மங்கியது, பிறகு தெளிந்தது. எப்படித் திருப்பினாலும் கறுக்கவில்லை. இரண்டு கற்கள் சேர்ந்தால்தான் அப்படிக் கறுக்கும். ஒற்றைக் கல்லில் வானம் மங்குவதோடு சரி.

அந்தி வானம் இன்றைக்கும் அப்படியேதான் மங்கித் தெளிகிறது. என் முதல் பொய்யை வாசித்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டும் மூன்று வருடம், நானும் உம்மோடு பார்க்கிறேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.