கோடு ஊற்ற மாட்டேன் என்றேன்

எங்கள் காலனியின் பொங்கல் ஓட்டத்தை நிறுத்தியது நான்தான். இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், என்னைப் பார்த்ததும் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவுவார்கள். தாவ வேண்டாம், என் முன்னாலேயே பேசுங்கள் என்று பல தடவை சொல்லிவிட்டேன். ஓடி ஒளிய நான் ஒன்றும் திருடவில்லை.

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் காலனி. மேற்கே கல்கத்தா ரோடு, அதைத் தாண்டினால் ஏரி. என் அப்பா அம்மா காலத்தில் காலனியே வயல் வேலைக்குப் போனது. எழுபதுகளில் வயல்களைச் சுற்றி காம்பவுண்டு சுவர் எழும்பியது. அப்பா கதிர் அறுத்த இடத்தில் ஒரு போல்ட் கம்பெனி வந்தது, அதில் நான் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். தம்பி இரும்பு உருக்குகிற கம்பெனியில் தினக்கூலி. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனைச் சோறு போட்டு வளர்த்தது நான். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அதே காலனியில்தான் என்பதால் அவன் என் கண்ணை விட்டு எங்கேயும் போகவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் எங்கள் ஆண்கள் ஓடுவார்கள். கங்கையம்மன் கோயிலிலிருந்து கிளம்பி, ரயில்வே கேட்டைத் தாண்டி, கல்கத்தா ரோட்டைக் கடந்து, ஏரி மதகைத் தொட்டுவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். அம்மன் கோயில் ஓட்டம் என்று பேரே தவிர, மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் ஓடுவார்கள். விசில் கிடையாது, கொடி கிடையாது. கடைசியாக ஜெயித்தவன் வீட்டுப் பெண் ஒருத்தி, அம்மன் முன்னால் வைத்து எடுத்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து, ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் ஊற்றிக்கொண்டே போவாள். அதற்குக் கோடு ஊற்றுவது என்று பேர். குடம் காலியானதும் ஓட்டம் ஆரம்பம். வருஷத்துக்கு ஒரே குடம்தான். அதை அவள் கையிலிருந்து யாரும் வாங்கக் கூடாது, அது அம்மன் தண்ணீர். அவள் கோடு ஊற்றாமல் ஒருவனும் காலை எடுத்து வைக்க மாட்டான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓடும்போது ரயில்வே கேட் மூடியிருந்தால் நிற்கக் கூடாது, குனிந்து நுழைந்து போய்விட வேண்டும். நின்றவனை அடுத்த பொங்கல் வரைக்கும் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். புடவை வாங்கித் தரட்டுமா என்று கேட்பார்கள், ஏதோ புடவை கட்டினவர்களெல்லாம் கேட்டில் கைகட்டி நிற்கிற மாதிரி. நாங்களும்தான் தினமும் அதே கேட்டில் குனிந்து நுழைந்து ஷிப்டுக்கு ஓடினோம்.

ஒரே லைனாக இருந்தவரை அதில் பெரிய ஆபத்து இல்லை. ரயில் வருகிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். வந்தால் நிற்போம், போனதும் கடப்போம். பிறகு பக்கத்தில் இன்னொரு லைன் போட்டார்கள். எங்கள் கால்களுக்கு மட்டும் அது தெரியவில்லை. ஒரு ரயில் போய்விட்டால் பாதை காலி என்று அவை பழகியிருந்தன.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வருகிறோம். கேட் மூடியிருந்தது. நாங்கள் வழக்கம்போல நுழைந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றோம். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அதன் கடைசிப் பெட்டி தாண்டியதும் நான் அந்த லைனைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தேன். என்னோடு பேக்கிங்கில் இருந்தவள் என் கொண்டையைப் பிடித்து இழுத்து மல்லாக்கத் தள்ளினாள். அடுத்த லைனில், சூலூர்பேட்டைப் பக்கமிருந்து, இன்னொரு ரயில் என் முகத்துக்கு முன்னால் போயிற்று. கூட்ஸ் மறைத்ததில் அது வந்தது தெரியவில்லை, கூட்ஸ் போட்ட சத்தத்தில் அது கூவியதும் கேட்கவில்லை. செத்துப்போவோம் என்ற பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அந்தப் பயத்திலும் எனக்கு நினைவு வந்தது தம்பிதான். நான் நடந்து வந்தேன், பக்கத்தில் ஒருத்தி இருந்தாள், இழுத்தாள். அவன் தலை தெறிக்க ஓடுகிறவன். அந்த வருஷம் ஓட்டத்தில் ஜெயித்திருந்தான். அடுத்த பொங்கலுக்கும் ஓடுவான், கோடு ஊற்ற வேண்டியவள் நான்.

பொங்கல் நெருங்கியதும் இளைஞர் மன்றத் தலைவரிடம் போனேன். எனக்கு அண்ணன் முறை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“இத்தினி வருசமா ஓடிக்கினு கீறோம். ஒரு உசுரு போயிருக்குதாமா?”

“இத்தினி வருசம் ஒரு லைன்தானேண்ணா இருந்துச்சு.”

“ஓடறவன் பயப்படல, கோடு ஊத்தறவ பயப்படறா. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

ஏரிக்கரை மேலேயே ஓடட்டும், கேட்டுப் பக்கமே வர வேண்டாம் என்றேன். கேட்டைத் தாண்டாவிட்டால் அது ஓட்டமில்லை, காத்து வாங்கறது என்றார். கேட்மேனிடம் கேட்டேன். நல்ல மனுஷன், நொந்துபோயிருந்தார். “கேட்டைப் போடறது என் வேலம்மா, போட்டுருவேன். உங்காளுங்க குனியறத நான் இன்னா பண்ணுவேன்? பண்டிகை நாள்ல கூட்ஸு எப்ப வரும்னு போன் வந்தாத்தான் எனக்கே தெரியும்” என்றார். என் வீட்டுக்காரரோ, ஆம்பளைங்க சமாச்சாரம், நீ ஒதுங்கிக்க என்றார். ஒதுங்க வேண்டியவள் கையில் குடத்தை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

கடைசியில் தம்பியையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவனுக்கு வேறு கணக்கு. இந்தத் தடவை ஜெயிக்கிறவனைக் கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக அவனுடைய சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம்.

“நீ கோடு மட்டும் ஊத்துக்கா. மத்தத நான் பாத்துக்கறேன்.”

“கூட்ஸுக்குப் பின்னால வர்றத எப்டிடா பாத்துப்ப?”

“எனக்குக் காது கீதுக்கா.”

எனக்கும்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அவன் எழுந்து போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தினம் காலையில் கம்பெனி வாசலில் நின்று, இன்றைக்கு உள்ளே விடுவார்களா மாட்டார்களா என்று ஏங்குகிறவனுக்கு, நிரந்தரம் என்ற வார்த்தைக்கு முன்னால் எந்த ரயில் கண்ணுக்குத் தெரியும்?

காணும் பொங்கல் வந்தது. குளித்து, அம்மன் முன்னால் குடத்தை வைத்து எடுத்துக்கொண்டு, மேளத்தோடு வந்தேன். ஓடுகிறவர்கள் டவுசரை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். தம்பி நடுவில். ரோட்டோரத்துக்கு வந்ததும் மேளம் நின்றது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

“கேட்டு மூடியிருந்தா நின்னுதான் போவோம்னு எல்லாரும் ஆத்தா மேல சத்தியம் பண்ணுங்கோ. ஊத்தறேன்” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். தலைவர், “நேரமாவுது, ஊத்தும்மா” என்றார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஒருவன் சத்தியம் பண்ணியிருந்தாலும் மற்றவர்கள் யோசித்திருப்பார்கள். ஆனால் அவன் நின்று, மற்றவன் குனிந்து நுழைந்துவிட்டால் வேலை போய்விடும். வாயைத் திறக்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். அது எனக்கு வலித்தது. வலித்த வேகத்தில்தான் செய்தேன் என்று நினைக்கிறேன். குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, என் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டேன்.

எங்கேயோ மாட்டு மணி கேட்டது. பிறகு மொத்தக் காலனியும் என் மேல் பாய்ந்தது. ஆத்தாவுக்குக் குற்றம் என்றார்கள், பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். அடிக்க வந்தவர்களும் கிட்டே வந்து தயங்கினார்கள். தலையிலிருந்து கால் வரை அம்மன் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறவளை எப்படி அடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தம்பி மட்டும் கிட்டே வந்தான். “நல்லா இரு” என்றான். அவ்வளவுதான், போய்விட்டான். மஞ்சள் தண்ணீர் கண்ணில் எரிய, ஈரப் புடவையோடு நான் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று காலை ரயில் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மன்றத்துக்காரர்கள் வேண்டுமென்றே கேட்டில் போய் உட்கார்ந்து, ஓட்டம் நடந்திருக்க வேண்டிய நேரம் முழுக்கக் காத்திருந்துவிட்டு வந்து சொன்னார்கள். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, கேட் திறந்தபடியே கிடந்ததாம். அதற்கப்புறம் பல வருஷத்துக்கு, தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், எங்கே நின்றாலும் ஒரே கிண்டல்தான். “இன்னாமா, உன் ரயிலு இன்னும் வரலியா?”

வந்திருந்தால் நான் சரி, வராததால் நான் தப்பா? ஒரு பிணம் விழுந்தால்தான் என் பேச்சு எடுபடும் என்றால், அது எடுபடாமலே கிடக்கட்டும். அன்றும் இதைத்தான் சொன்னேன்.

அடுத்த பொங்கலுக்கு அவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டம் நடக்காததால் புதிதாக யாரும் ஜெயிக்கவில்லை. ஆகவே கடைசியாக ஜெயித்தவன் என் தம்பியேதான், குடம் எடுக்க வேண்டியவளும் நானேதான். ஊரே கூடிக் காப்பாற்றிய வழக்கம், அதை யார் மாற்றுவது? தலைவர் என் வாசலுக்கு வந்து நின்றார்.

“இந்த வாட்டி ஒழுங்கா ஊத்துவியாமா?”

“சத்தியம் பண்ணுவீங்களாண்ணா?”

முறைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வருஷமும் வந்தார், அதே கேள்வி, அதே பதில். பிறகு சலித்துப்போய், கடையில் ஒரு விசில் வாங்கி, ஏரிக்கரை மேலேயே பிள்ளைகளை ஓடவிட்டார்கள். அது ஓட்டமில்லை என்று இன்றும் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். நான் போய்க் கரையில் நின்று பார்ப்பேன். எனக்கு அது ஓட்டம் மாதிரிதான் தெரிந்தது.

தம்பிக்கு நிரந்தரம் ஆகவில்லை. அந்தச் சூப்பர்வைசர் சொன்னதைச் செய்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. செய்திருப்பார் என்றே வைத்துக்கொள்கிறேன், எனக்குச் சலுகை வேண்டாம். அவன் இன்னும் சில வருஷம் கம்பெனி வாசலில் கூலிக்கு நின்றான், பிறகு பொன்னேரிப் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தான். அந்தக் காலமெல்லாம் என் வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குச் சீர்வரிசை கொண்டுவருவது எங்களில் எந்தத் தம்பியும் விடாத கடமை. அவன் விட்டான். வாசலில் கோலம் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அழுதிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் ஒரு நாளும், ஊற்றியிருக்கலாமோ என்று நினைத்ததில்லை.

அவனுக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்த வருஷம், கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாக வந்து நின்றான். உள்ளே வா என்றேன். இலை போட்டேன். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

“உன்னாலதான்க்கா எல்லாம் கெட்டுச்சு. அன்னிக்கு ஓடியிருந்தா இன்னிக்கு நான் எங்கியோ இருந்திருப்பேன்.”

“ஆமாண்டா, என்னாலதான்” என்று சொல்லி, குழம்பு ஊற்றினேன்.

மன்னித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறான், வரிசையை வைக்கிறான், அதே இடத்தில் உட்கார்ந்து அதையே சொல்கிறான். என் மருமகள்களுக்கெல்லாம் மனப்பாடம். முடி நரைத்து, தொப்பை விழுந்து, மூச்சு வாங்க வாங்கத் திட்டுகிறான். நான் மறு சோறு போடுகிறேன். திட்டட்டும். திட்டுவதற்கு இருக்கிறானே.