ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார்

பிள்ளைகளே, என் மூத்த மகள் பெங்களூரில் சத்துணவுப் படிப்பு படிக்கிறாள். கோலார் தங்கவயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸிலிருந்து விடியற்காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருகிறாள். ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், உடம்புக்கு எது குறைகிறது என்று ஊர் ஊராகக் கண்டுபிடிக்கும் படிப்பாம். சோறு தின்பதைப் படிக்க ஒரு காலேஜா என்று எனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான்.

ஒரு திங்கட்கிழமை அவள் எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனிலேயே வீடு வீடாகப் போய், முந்தின நாள் முழுக்க என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டியிருந்தது. கையில் அளவுக் கிண்ணங்கள் வேறு. தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

முதல் வீட்டில் சாம்பார் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் சாம்பார். மூன்றாவது வீட்டில் சாம்பாரோடு கொஞ்சம் கீரை.

மகள் தெருவிலேயே நின்றுவிட்டாள். "இன்னாப்பா இது? ஞாயித்துக்கெழம நம்ம லைன்ல சாம்பாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள் மாட்டுக்கறிக் கடை வரிசையில் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் எனக்கு முன்னால்தான் நின்றிருந்தார்கள். இப்போதெல்லாம் அதை வெளியே சொல்ல ஜனங்களுக்குப் பயம். அவள் சிரிக்கவில்லை. இங்கே பெண்களுக்கு ஏன் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று பார்க்கத்தான் கேட்கிறாளாம். பொய்யை எழுதிக்கொண்டு போனால் காரணம் தெரியாமலே போகும், டீச்சரும் அத்தனையையும் தள்ளிவிடுவார் என்றாள்.

"எழுதினது எங்க போகும்?" என்று கேட்டேன்.

"காலேஜுக்கு."

"அதுக்கு அப்புறம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தேன். பேர் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை. அப்படியும் மனசு ஆறவில்லை.

நான்காவது வீட்டம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். "இன்னாண்ணா, மவள கூட்டிகினு வந்து எங்க சட்டிய எட்டிப் பாக்குறீங்களா? இன்னா கறின்னு எழுதிகினு போயி யார்கிட்ட குடுப்பீங்க?"

"காலேஜுக்குத்தான் அத்தே" என்றாள் மகள்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. உங்க வூட்ல நேத்து இன்னா? அத எழுதினியா மொதல்ல?"

அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன. மகள் என்னைப் பார்த்தாள்.

"எழுதிக்கம்மா" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ராகிக் களி, மாட்டுக்கறிக் கொழம்பு. எனக்கு ரெண்டு கிண்ணம். உங்கம்மாவுக்கு..."

அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அவள் உட்காருவாள்.

வீட்டம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "தெரியாதே! எங்க அண்ணிக்கு அடிச்சட்டிக் கொழம்புதான். எனக்கும் அதான் பாப்பா. கறியெல்லாம் ஆம்பளைங்களுக்கும் பசங்களுக்கும் போயிடுச்சி. எனக்குக் கொழம்பு அரைக் கிண்ணம், எழுது. நீங்க வூட்டுக்குப் போங்கண்ணா. ஆம்பள நீங்க நின்னா மத்த வூட்டுக்காரிங்க சாம்பார்னுதான் சொல்லுவாளுங்க."

நான் திரும்பிவிட்டேன். அந்த அம்மாவே மகளைக் கூட்டிக்கொண்டு முதல் மூன்று வீடுகளுக்கும் மறுபடி போனாளாம். சாம்பாரையெல்லாம் அடித்துவிட்டு மகள் புதிதாக எழுதினாள். அது கடைசியில் யார் கைக்குப் போகுமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்று ராத்திரி மனைவி சாப்பிட உட்கார்ந்தபோது நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இன்னா, என் தட்டையே பாக்குறீங்க? நீங்களும் எழுதப்போறீங்களா?"