கை நனைக்காமல் போனவன்

ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு மறுநாள் காலையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதற்காக, பந்திக்கே உட்காராமல் இருந்துவிடுவதை நலம் என்று சொல்ல முடியுமா? அக்காவின் பேரனுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்திய அன்றுதான் இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க முடியாமல் போயிற்று.

என் இதயம் பலவீனமடைந்து, உடம்பில் நீர் கோத்து, மருத்துவமனையில் கிடந்து மீண்ட பிறகு, நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் ஒரு சிறு கருவியை வைத்தார்கள். தினமும் காலையில், அதற்கென்று கொடுத்த தலையணையின் மேல் மல்லாந்து படுத்துப் பொத்தானை அழுத்தினால், குழாயின் உள்ளே இருக்கும் அழுத்தம் மருத்துவமனையின் கணினிக்குப் போய்விடும். அழுத்தம் ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். மூச்சு வாங்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே அது தெரிந்துவிடும். அங்கிருந்து செவிலியர் அழைத்து, நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வார். கருவி என்னைக் கவனிக்கும். மருந்து எனக்கு ஏற்றபடி மாறும்.

சூரமங்கலத்தில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. சமூகப்பணி படித்து அதே துறையில் வேலை பார்ப்பதால், ஒன்றைச் செய்யும் முன் அதனால் யாருக்குச் சுமை கூடும் என்று எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நான் மறுபடியும் விழுந்தால் ராசிபுரம் பக்கத்திலிருந்து அக்காதான் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்க வேண்டும். ஆகவே உப்பைக் குறைத்தேன். தண்ணீரை அளந்து குடித்தேன். விசேஷ வீடுகளில் தலையைக் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். கை நனைக்காமல் போகிறவர் அந்த வீட்டின் மேல் மனத்தாங்கலோடு போகிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். என் நோயைக் காரணம் சொன்னாலும் யாரும் ஏற்கவில்லை. உள்ளே கருவி வைத்தாகிவிட்டது, ஆகவே நோய் தீர்ந்துவிட்டது என்பது அவர்கள் எண்ணம். சண்டை எதுவும் நடக்கவில்லை. அழைப்புகள் மட்டும் ஒவ்வொன்றாக நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தத்தைக் கேட்டபடி, உப்பில்லாத ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொள்வேன். “பிரஷர் ரொம்ப நல்லா இருக்குதுங்க சார்” என்று செவிலியர் சொல்வதுதான் சில வாரங்களில் எனக்கு வந்த ஒரே தொலைபேசி அழைப்பு.

காது குத்து முடிந்து, கிடாய்க் கறியின் மணம் கோயில் வளாகம் முழுவதும் பரவியிருந்தது. இலை போடத் தொடங்கியதும் நான் செருப்பைத் தேடினேன். அக்கா எதிரே வந்து நின்றார்.

“எங்க கெளம்பிட்ட?”

“வாரேனுங்க்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“கல்யாணத்துக்கு வந்த, கை நனைக்கல. வளைகாப்புக்கு வந்த, கை நனைக்கல. இன்னைக்கும் இப்பிடியே போனீன்னா இனி என்ற ஊட்டு விசேஷத்துக்கு உன்னையக் கூப்பிட மாட்டேன். தம்பி ஏன் சாப்பிடாமப் போறான்னு ஊரே கேக்குது. நான் என்னன்னு சொல்றது?”

பந்தியில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர் லாரி வைத்திருப்பவர். அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: “ஏனுங் மாப்ள, உள்ள வெச்சது மெஷினுங்களா, மீட்டருங்களா?”

“மீட்டர்தானுங்க மச்சான்.”

“வண்டியில ஹீட் மீட்டர் இருக்குதுன்னு அதுக்குப் பயந்துட்டு வண்டிய ஷெட்டுலயேவா போட்டு வெப்பாங்க? மேடு ஏறுனா முள்ளும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்!”

பந்தியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “எங்க மேல என்ன வருத்தம் சாமி? சொல்லிப்போடு” என்றார்.

“வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா.”

“அப்ப உக்காரு.”

ஒரு வேளைக் கறிச்சோறு என்ன செய்யும் என்பதை ஓரளவு அறிவேன். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பதையும் அறிவேன். அந்த வீட்டு அழைப்பும் நின்றுபோனால் என்னைக் கூப்பிட வேறு வீடு கிடையாது. உட்கார்ந்தேன். என் இலைக்கு முன்னால் குனிந்து, “இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?” என்று யாரோ கேட்டபோது, இலையை மறைக்காமல் கையை விலக்கிக்கொண்டேன்.

மறுநாள் அழுத்தம் ஏறியிருந்தது. அதற்கடுத்த நாளும் இறங்கவில்லை. செவிலியர் அழைத்தார்.

“சார், கால் வீங்கியிருக்குதுங்களா? படுத்தா மூச்சு முட்டுதுங்களா?”

“இல்லீங்க. விருந்துல கறி சாப்பிட்டேன்.”

அவர் கண்டிக்கவில்லை. மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கூட்டினார்; இரத்தப் பரிசோதனைக்கும் வரச் சொன்னார். அந்த வாரத்திற்குள் அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் என் அழுத்தத்தைக் காட்டும் கோட்டைத் திரையில் காட்டினார். மாதக்கணக்கில் நேராகவே போன கோடு. கடைசியில் மட்டும் ஒரு மேடு.

“இதுக்கு முன்னாடி நீங்க விசேஷத்துக்கே போனதில்லையா?”

“போவேன் டாக்டர். சாப்பிட மாட்டேன்.”

அவர் அந்த நேர்கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். “உங்க வாழ்க்கையே இப்படித்தான்னு நாங்க நெனச்சிட்டோம். அதுக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து வச்சோம். வெளிய சாப்பிடப் போறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க. உங்க உடம்புக்கு எவ்வளவு தாங்கும்னு பார்த்து அளவு சொல்றேன்.”

பேருந்தில் திரும்பும்போது அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மருந்து எனக்குச் சரியாகத்தான் பொருந்தியிருந்தது. ஆனால் அது பொருந்தியது யாருடனும் உட்கார்ந்து சாப்பிடாத ஒருவனுக்கு. கருவி தவறாக எதையும் சொல்லவில்லை. நான் வாழ்ந்ததைத்தான் அது அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்போது அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போவதற்கு முன் மருத்துவமனைக்குச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொல்லும் அளவுக்குச் சாப்பிடுகிறேன். அக்காவும் உப்புப் போடுவதற்கு முன்பே எனக்கென்று ஒரு கிண்ணம் குழம்பு எடுத்து வைத்துவிடுகிறார். மற்ற நாட்களில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.