பஸ்ஸிலிருந்து இறங்காத மகள்

போன சனிக்கிழமை சாயங்காலம் வடவள்ளிப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்பில் சின்னதாக ஒரு கூட்டம் கூடியதை உங்களில் யாராவது பார்த்தீர்களா? ஆக்ஸிடென்ட் இல்லை. கட்சிக் கூட்டமும் இல்லை. நடுவில் அழுதுகொண்டு நின்றது... நான்தான்.

என் மகள் இனியா ஏழாம் வகுப்பு. லீவு விட்டதிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு - "யாழினி ஊட்டுக்கு நான் தனியா பஸ்ல போகோணும்." யாழினி அவளுடைய கிளாஸ்மேட். ஒரே டவுன் பஸ், நாலே ஸ்டாப், நடுவில் மாற வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஸ்டாப். மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணம்கூட மிச்சம் வைக்காமல் வக்கீல் மாதிரி பேசினாள்.

என் கணவர் செந்தில் உடனே அவள் கட்சிக்குத் தாவிவிட்டார். "நானெல்லாம் இவ வயசுல பல்லடத்துலிருந்து காந்திபுரத்துக்குத் தனியா வந்தவன்" என்றார். வந்தது நிஜம்தான். திரும்பிப் போகிற பஸ் தெரியாமல் அங்கேயே நின்று அழுததை மட்டும் அவர் சொல்வதில்லை. அதை அவருடைய அக்கா சொல்வார்.

சரி என்றேன். போய்ச் சேர்ந்ததும் போன், கிளம்பும்போது போன் - யாழினி அம்மாவின் செல்போனிலிருந்து. பதிலுக்கு அவளும் ஒரு கண்டிஷன் போட்டாள். "நீங்க ஸ்டாப்புக்கு வந்து நிக்கக் கூடாது." ஒப்புக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டாள். எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் மறுபடியும் போன். "அம்மா, இங்க சந்தகை செஞ்சாங்க. தேங்காய்ப் பால் ஊத்தி சாப்பிட்டேன். சரிங்கம்மா, வாரேன்."

வாரேன் என்றால்... கிளம்பிவிட்டாள். மொட்டை மாடிக்கு ஏறினேன். (மாடி, ஸ்டாப் ஆகாது.)

ஒரு பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. கூட்டமாக இருந்திருக்கும், விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்ததும் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள். யாழினி அம்மாவுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. அப்புறம் என் மண்டைக்குள் என்னவெல்லாம் ஓடியது என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? போனை மாடியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். காலில் ஜோடி மாறிய செருப்பு.

ஸ்டாப்பில் பேக்கரி அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஏனுங்க அக்கா, என்னாச்சுங்க?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "எந்தப் பஸ்ஸு கண்ணு?" என்று பூக்கார அம்மா பூவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பினார். "நான் ஒரு எட்டுப் பார்த்துப்போட்டு வாரேனுங்க. புள்ள என்ன கலர் டிரஸ்ஸுங்க?"

எனக்கு மறந்துவிட்டது. பெற்ற தாய்!

அந்த நேரத்தில்தான் இன்னொரு பஸ் வந்து நின்றது. இனியா இறங்கினாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ். கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"வரமாட்டேன்னு சொன்னீங்கல்ல?"

"அப்பவே வாரேன்னியே, இத்தன நேரம் எங்க இருந்தே?"

"யாழினி ஊட்டுலதான். அவங்கம்மா போன் உள்ள சார்ஜ்ல இருந்துச்சு. கிளம்பறப்ப கூப்பிட்டேன். நீங்கதான் எடுக்கல."

"அப்ப வாரேன்னது?"

"போனை வைக்கறப்ப வேற என்ன சொல்றதாம்? போறேன்னு சொன்னா வைவீங்கல்ல?"

பேக்கரி அண்ணன் திரும்பி நின்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் 'போறேன்' என்று சொன்னால் ஆகாது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவரும் வாரேன், திரும்பி வருகிறவரும் வாரேன், போனை வைக்கிறவரும் வாரேன். இதை அவளுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த மகராசி நான்தான்.

இனியா எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தாள். எனக்காக வாங்கி வந்த சந்தகை. "இனிமே நான் தனியா போகலீங்கம்மா. நீங்க அழுவீங்க" என்றாள்.

சுருக்கென்றது. பஸ் ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், சொன்னபடி போன் பண்ணவும் தெரியும் அவளுக்கு. சொதப்பியது நான். பிள்ளை வெளியே போகத் தயாரா என்று எல்லோரும் கேட்கிறோம்... வீட்டில் உட்கார்ந்திருக்க அம்மா தயாரா என்று யாராவது கேட்கிறோமா?

அதனால் இந்தச் சனிக்கிழமை நானே கெஞ்சிக் கூத்தாடி அவளை அனுப்பினேன். மாடிப் பக்கமே போகவில்லை. டிவியில் என்ன ஓடியது என்று கேட்காதீர்கள், தெரியாது. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் 'உர்'ரென்று வந்தாள்.

"என்ன கண்ணு, யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எல்லாருமேதான். பூக்காரம்மா கையப் புடிச்சு பஸ்ஸுல ஏத்தி விடறாங்க. ஆட்டோ மாமா 'அம்மாகிட்டச் சொல்லிப்போட்டியா'ங்கறார். இறங்கினதும் பேக்கரி அண்ணன், 'பத்திரமா வந்துட்டீங்களா அம்மணி'ன்னு ரோடே கேக்கற மாதிரி கத்தறார். முன்னாடியாவது ஊட்டுல ஒரு அம்மாதான் இருந்தீங்க. இப்ப ஸ்டாப்பு பூரா அம்மாதான்."